இருபது மைலுக்கு ஒரு நாள்

வால்நட் முனை, அயோவா
1855 ஏப்ரல் 9

அன்புத் தம்பி ஆல்வாவுக்கு அக்கா ஃபிலூரா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகள் மூவரும் நல்ல சுகம். நீ எப்படி இருக்கிறாய்? வெர்மான்டில் பனி கரைந்துவிட்டதா? அப்பாவின் முழங்கால் இந்தக் குளிரில் என்ன பாடு பட்டதோ, அவர் சொல்லமாட்டார், நீ எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வீடு கட்டி உழுதுகொண்டிருக்கும் நூற்று அறுபது ஏக்கரும் இன்றுவரை அரசாங்க நிலம்தான். நவம்பர் பத்தொன்பதாம் தேதி ஏலம் என்று நில அலுவலகக் கதவில் ஒட்டிவிட்டார்கள். அதற்குள் இதை எங்களுடையதாக்கிக்கொள்ளாவிட்டால் கிழக்கிலிருந்து வருகிற எவனாவது எடுத்துக்கொள்வான். மூன்று வருட உழைப்பும் அவனுக்குப் போய்விடும்.

சென்ற வாரம் பத்திரிகையில் ஒன்று படித்தேன். புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். பழைய போர்களில் பதினான்கு நாளாவது பணி செய்தவர்களுக்கு நூற்று அறுபது ஏக்கருக்கு ஒரு நிலப் பத்திரம் தருகிறார்கள், அதை நில அலுவலகத்தில் கொடுத்தால் பணம் கட்டாமலே அவ்வளவு அரசாங்க நிலம் கிடைக்கும். அதை அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். 1814இல் அப்பா போருக்குப் போனாரே, எத்தனை நாள்? கேட்டு எழுது.

இந்த மண்ணை நீ ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் நாள் கலப்பை பிடித்தபோது மாலைவரை ஒரு கல் தட்டவில்லை. வெர்மான்டில் கல் பொறுக்கியே வளர்ந்த எனக்கு நம்ப முடியவில்லை. மாட்டை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டிப் பார்த்தேன். முழங்கைவரை உள்ளே போயிற்று, அப்போதும் கறுப்பு மண்தான். கொஞ்ச நேரம் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்.

உன் அக்கா,
ஃபிலூரா

*

மில் ஹாலோ, வெர்மான்ட்
1855 மே 4

அன்புள்ள அக்காவுக்கு ஆல்வாவின் வணக்கம். ரயில் பாதைக்கு நிலம் அளக்கும் அதே சர்வேயர் வேலையில்தான் இருக்கிறேன், உடம்புக்கு ஒரு குறையுமில்லை. அப்பாவிடம் முழங்காலைப் பற்றிக் கேட்டேன். “அறுபத்து மூணு வயசு முழங்கால் வலிக்காம பாட்டா பாடும்?” என்றார். உன் கடிதத்தில் அத்தானைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஓரின் அத்தான் சௌக்கியமா?

அப்பாவின் போரைப் பற்றிக் கேட்கிறாய். உனக்குத் தெரியாததா? எதிர்க்கரையில் சண்டை நடந்து முடிந்த பிறகு இவர்கள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடக்கப் படகில்லை. பதினோரு நாள் மாவுப் பீப்பாய்களுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். இன்றைக்கும் அவர் ஊர்க் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரன் சைலஸ் விடுவதில்லை. “பதினோரு நாள் தளபதி வந்துட்டார், பீப்பாயெல்லாம் பத்திரம்பா” என்பான். சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்தவன். உண்மையைச் சொன்னால், போன மாதமும் சிரித்தேன்.

ஆனாலும் வக்கீல் பார்டனிடம் போனேன். அவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு வழி இருக்கு ஆல்வா. ஊர்ல கிளம்பி, படையில பேர் பதியுற இடத்துக்கு நடந்து போனாங்க பாரு, அதுக்கு இருபது மைலுக்கு ஒரு நாள்னு சேர்த்துக்கலாம். விடுவிச்ச அப்புறம் ஊர் திரும்பின தூரத்துக்கும் தனியா அதே கணக்கு” என்றார்.

ஏரிக்கரைக்கு இருபத்தெட்டு மைல். போக ஒரு நாள், வர ஒரு நாள். மிச்ச எட்டு மைலுக்கு ஒன்றும் கிடையாது. பதினொன்றோடு இரண்டைக் கூட்டினால் பதின்மூன்று. ஒரு நாள் குறைகிறது, அக்கா. “கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமாப்பா?” என்று கேட்டுப் பார்த்தேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வேறு வழி தோன்றினால் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு என் அன்பு.

ஆல்வா

*

வால்நட் முனை
1855 ஜூன் 1

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். மக்காச்சோளம் கணுக்கால் உயரம் வந்துவிட்டது. உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் உன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

இருபத்தெட்டு மைல் என்பது எந்தப் பாதையில்? ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலையில்தானே? அந்தச் சாலைக்காகப் பாறையை வெடி வைத்துப் பிளந்தபோது எனக்கு ஒன்பது வயது. நம் சமையலறைக் கடிகாரம் சுவரிலிருந்து விழுந்து உடைந்தது, அம்மா மூன்று நாள் புலம்பினாள். நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். 1814இல் அங்கே சாலையே கிடையாது, ஆல்வா. அவர்கள் மலை ஏறித்தான் போயிருக்க வேண்டும். அது எத்தனை மைல்?

அப்பாவிடம் கேள். பொய் சொல்லச் சொல்லாதே. எந்த வழியாகப் போனீர்கள் என்று மட்டும் கேள்.

ஏலத்துக்கு இன்னும் ஐந்தரை மாதம்தான் இருக்கிறது.

உன் அக்கா,
ஃபிலூரா

*

மில் ஹாலோ
1855 ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குட்டு வாங்கிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பாதை போடுகிற சர்வேயருக்குச் சொந்த ஊர்ப் பாதைக்கு எத்தனை வயது என்று தெரியவில்லை. வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்.

அப்பாவிடம் கேட்டேன். “மலை வழியாத்தான் போனோம். அதுக்கென்ன இப்ப?” என்றார். எத்தனை மைல் என்றதற்கு, “மைலா? எவன் எண்ணினான்?” என்றார்.

சர்வேயர் அளந்து சத்தியம் செய்து கொடுத்தால் செல்லும் என்கிறார் பார்டன். போகிற தூரம் நாற்பது மைலைத் தொட்டால் போதும், போக இரண்டு, வர இரண்டு, ஆகப் பதினைந்து நாள். ஆனால் அந்த ஒற்றையடிப் பாதை முப்பது வருடமாகக் காடாகக் கிடக்கிறது. வழி தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். உன் நிலம் ஏலத்துக்கு வருகிறது என்பதைச் சொன்னேன். உள்ளே போய்ப் பழைய பூட்ஸை எடுத்து எண்ணெய் போட ஆரம்பித்தார். முதல் புல் அறுவடை முடிந்ததும் கிளம்புகிறோம்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். போன தடவையும் நீ அவரைப் பற்றி எழுதவில்லை.

ஆல்வா

*

மில் ஹாலோ
1855 ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் பத்திரமாகத் திரும்பிவிட்டோம். உன் பதில் வருமுன்னே எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அளவைச் சங்கிலி அறுபத்தாறு அடி. முன் முனை என் கையில், பின் முனை அப்பா கையில். நான் சங்கிலியை இழுத்து இரும்புக் குச்சியைக் குத்தி “வாங்க” என்பேன். அவர் வந்து குனிந்து குச்சியைப் பிடுங்கி “சரி” என்பார். இப்படி எண்பது தடவை போனால் ஒரு மைல். அந்த முழங்காலோடு எத்தனை தடவை குனிவார் என்று நான் பயந்தது வீண். ஆறு நாளில் ஒரு தடவைகூட “கொஞ்சம் இரு” என்று சொல்லவில்லை.

பாதை என்று அங்கே எதுவும் இல்லை. வழி இருந்த இடத்தில் என் இடுப்பளவு பருமனில் மரம் நிற்கிறது. ஆனால் அப்பா நின்று, மேலே பார்த்து, “இந்தப் பக்கம்” என்பார். போய்ப் பாசியைச் சுரண்டினால் மரப்பட்டைக்கு அடியில் பழைய கோடாரி வெட்டு இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நான் பன்னிரண்டு வருடமாகக் காம்பஸ் பிடிக்கிறவன். இரண்டாம் நாளிலிருந்து காம்பஸைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் உச்சிக்கு வந்தோம். கீழே ஏரி முழுவதும் தெரிந்தது, அதற்கப்பால் நியூயார்க் பக்கத்து மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. இந்த மாவட்டத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவன் என்று பீற்றிக்கொள்கிற நான் அதைப் பார்த்ததே இல்லை. சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். அப்பாதான் பேசினார்.

“இங்கதான்டா கேட்டுச்சு. முதல்ல இடின்னு நெனச்சோம். ஆனா வானத்துல ஒரு மேகம் கெடையாது. அப்புறம் காலுக்கடியில பாறை அதிர்ந்துச்சு. பீரங்கி.”

“பயந்தீங்களாப்பா?”

“பயந்தேன். திரும்பிடலாமான்னு பின்னால பார்த்தேன். மலைச்சரிவு பூரா ஆளுங்க. நாங்க ஊர்ல கிளம்பினப்ப முப்பத்தோரு பேரு. வழியில யாரெல்லாம் வந்து சேர்ந்தாங்கன்னே தெரியல. யாரும் கூப்பிட்டு அனுப்பல. புல்லு அறுத்துட்டிருந்தவன் அரிவாளோட வந்திருந்தான். சத்தம் கேட்டதும் எல்லாரும் நடைய எட்டிப் போட்டோம், அவ்வளவுதான்.”

அக்கா, நாங்கள் ஆறு நாள் அளந்த தூரத்தை அவர்கள் ஒன்றரை நாளில் நடந்திருக்கிறார்கள், துப்பாக்கியும் மூட்டையும் சுமந்துகொண்டு. அதுவும் சாவை நோக்கி. நான் முப்பத்திரண்டு வருடமாகச் சிரித்தது இந்த மனிதரைப் பார்த்து. அந்த உச்சியில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

இனி கெட்ட செய்தி. ஏரிக்கரையில் கணக்கை முடித்தேன். முப்பத்தொன்பது மைல், அறுபத்தொரு சங்கிலி. நாற்பதுக்குக் கால் மைல்கூடக் குறையவில்லை, வெறும் பத்தொன்பது சங்கிலி. ஆனால் முப்பத்தொன்பது என்றால் ஒரு நாள்தான். பதின்மூன்றிலேயே நிற்கிறோம்.

நான் நாற்பது என்று எழுதிவிட்டேன். மறைக்கவில்லை, அப்பாவிடம் காட்டினேன். யார் வந்து அளக்கப் போகிறார்கள்? அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “மிச்ச பத்தொம்பது சங்கிலிய யாரு நடந்தா?” என்றார். பிறகு தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போடமாட்டாராம்.

என்னை மன்னித்துவிடு.

ஆல்வா

*

வால்நட் முனை
1855 ஆகஸ்ட் 12

அன்புத் தம்பிக்கு,

பிள்ளைகளும் நானும் சுகம். மழை நன்றாகப் பெய்தது. சோளம் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது, உள்ளே போனால் சின்னவனைக் குரல் கொடுத்துத்தான் தேட வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பாறை அதிர்ந்த இடத்துக்கு வந்ததும் பெரியவள் அழுதுவிட்டாள். நம் வீட்டில் அந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதைத் தவிர வேறு பேச்சு நான் கேட்டதில்லை. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா நமக்கு உருளைக்கிழங்கு தோண்டக் கற்றுக்கொடுத்தார்?

அவரைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொல்லாதே. நிலம் போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான், எழுத வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை மூன்று பேர் வண்டியில் வந்து இறங்கினார்கள். வணக்கம்கூடச் சொல்லாமல் என் சோளத்துக்குள் நடந்து போய், மண்ணைக் கிள்ளிப் பார்த்துத் தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருவன் என் கிணற்றில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, “கிணறு நல்லா வெட்டியிருக்கம்மா, எங்களுக்கு வேலை மிச்சம்” என்றான். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிருந்து போக எனக்கு வேறு இடம் இல்லை, ஆல்வா.

அப்பாவின் முழங்காலுக்கு வாத்துக்கொழுப்பைச் சுடவைத்துத் தேய்த்துவிடு.

உன் அக்கா,
ஃபிலூரா

*

மில் ஹாலோ
1855 ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நல்ல செய்தி. என் மூக்கு உடைந்த செய்தியும்கூட.

சென்ற வாரம் ரயில் பாதைக்காக ஒரு சரிவை அளந்துகொண்டிருந்தேன். அப்பா எனக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்தவர், வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். சரிவில் அளக்கும்போது நாங்கள் சங்கிலியைத் தரையில் போடமாட்டோம். தாழ்ந்த முனையைத் தூக்கி, மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் கீழே குறிப்போம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பழக்கம்.

“மலையிலயும் என்னைய இப்படித்தான் தூக்கிப் பிடிக்கச் சொன்ன. எதுக்குடா?” என்றார்.

“மேடு பள்ளம் கணக்குல வரக்கூடாதுப்பா. மட்டத்துல எவ்வளவோ அதான் தூரம்.”

“ரயிலுக்குச் சரி. நாங்க அந்தரத்துலயா நடந்தோம்? தரையிலதான நடந்தோம்?”

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மலையை அளக்கப் போய், மலையை மட்டும் விட்டுவிட்டு அளந்திருக்கிறேன். இந்தத் தொழில் தெரியாத எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான்.

மறுநாளே கிளம்பினோம். மலைமேல் உள்ள பதினைந்து மைலை மட்டும், சங்கிலியைத் தரையோடு தரையாக இழுத்து, மறுபடி அளந்தோம். இந்தத் தடவை முன் முனை அப்பா கையில், குனிந்து குச்சி பிடுங்கியது நான். இருபத்துநான்கு சங்கிலி கூடிற்று. மொத்தம் நாற்பது மைல், ஐந்து சங்கிலி.

ஆனால் அப்பா அப்பாதானே. “ரெண்டையும் எழுது. மட்டத்துல இவ்வளவு, நடந்தது இவ்வளவுன்னு. எது சரின்னு அவங்க சொல்லட்டும்” என்றார். பார்டன் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டையும் எழுதினேன். அப்பா நீதிபதி முன்னால் கையெழுத்திட்டார், விண்ணப்பம் தலைநகருக்குப் போய்விட்டது. அவர்கள் எந்த அளவை எடுப்பார்களோ தெரியாது.

பத்திரம் வந்தால் உடனே மாற்றி எழுத வேண்டும். அத்தானின் முழுப் பெயரை எழுதி அனுப்பு.

ஆல்வா

*

வால்நட் முனை
1855 செப்டம்பர் 21

அன்புத் தம்பிக்கு,

சுகம். சோளம் ஒடிக்க ஆரம்பித்துவிட்டோம், கையெல்லாம் கீறல், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். சாயங்காலம் வேலை முடிந்ததும் பிள்ளைகள் கயிறு பிடித்து வயலை அளந்து விளையாடுகிறார்கள். “நடந்ததை அளக்குறோம்மா” என்கிறார்கள்.

தலைநகரிலிருந்து எதுவும் வந்ததா? இங்கே அந்த மூன்று பேரில் ஒருவன் மறுபடி வந்து போனான்.

நீ கேட்ட பெயரைப் பிறகு எழுதுகிறேன். அப்பாவுக்கு வணக்கம்.

ஃபிலூரா

*

மில் ஹாலோ
1855 அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரம் வந்துவிட்டது. நூற்று அறுபது ஏக்கர், ஜோத்தம் வீலாக் என்று அப்பாவின் முழுப் பெயரில்.

தபால் வருவது சைலஸ் கடைக்குத்தான் என்பது உனக்குத் தெரியும். அப்பா அங்கேயே உறையைப் பிரித்தார். கூடவே அலுவலகக் குறிப்பு ஒன்று: முகாமில் பதினோரு நாள், போன வழிக்கு இரண்டு நாள், ஊர் திரும்பிய வழிக்கு இரண்டு நாள், ஆக மொத்தப் பணி பதினைந்து நாள். நான் சத்தமாகப் படித்தேன். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சைலஸ் திரும்பிக்கொண்டு அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அப்பா, “திரும்பி வந்ததையுமா சேர்த்திருக்காங்க?” என்றார். ஆமாம்பா என்றேன். தாளை வாங்கி விரலை வைத்து அந்த வரியைத் தேடிப் பிடித்தார். வீட்டுக்கு வரும் வழியில் இன்னும் இரண்டு தடவை அதையே கேட்டார். பிறகு அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். நான் உனக்கு அனுப்புகிறேன் என்றதற்கு, “நானே எழுதுறேன்” என்றார். அப்பா கடிதம் எழுதி நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை.

ஆல்வா

*

மில் ஹாலோ
1855 அக்டோபர் 17

மகள் ஃபிலூராவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஏப்ரலிலிருந்து நீ எழுதிய நாலு கடிதத்தையும் ஆல்வா படித்துக் காட்டினான். மண்ணைப் பற்றி எழுதினாய், மழையைப் பற்றி எழுதினாய். கலப்பை பிடித்தது நீ என்று எழுதினாய். அவன் ஓரினைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் நீ பதில் எழுதவில்லை. ஆல்வாவுக்குச் சங்கிலியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. எனக்குப் பட்டது. ஓரின் உங்களை விட்டுவிட்டுப் போய்விட்டான். எப்போது, எங்கே என்று நான் கேட்கவில்லை. உன்மேல் ஏதாவது குறை இருந்திருக்குமோ என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

எங்களை விடுவித்த அன்று உனக்கு ஐந்து வாரம். ஏரிக்கரையில் ஒரு படகு நின்றது, மேற்கே காடு வெட்ட ஆள் சேர்த்தார்கள். நம் ஊர்க்காரர் இரண்டு பேர் ஏறினார்கள். நானும் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு என்று நினைத்தால் கல்லு நிலமும், ராவெல்லாம் அழுகிற ஒரு குழந்தையும்தான் ஞாபகம் வந்தது. உன்மேல் ஒரு குறையும் இல்லை, உன் அம்மாமேலும் இல்லை. என் கால்தான் அப்படி இருந்தது. படகுக்காரன், “ஏறுறியா இல்லையாப்பா?” என்றான். நான் காலை எடுத்துக் கரையில் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

போகும்போது ஒன்றரை நாளில் போன தூரத்தைத் திரும்பி வர எனக்கு நாலு நாள் ஆயிற்று. ஒவ்வொரு மைலிலும் நின்று பின்னால் பார்த்தேன். ஊரில் பீப்பாய் என்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அதைவிட வெட்கப்படும்படியான ஒன்று என்னிடம் இருந்தது.

போன நாற்பது மைலை நான் பெரிதாக நினைக்கவில்லை. எல்லோரும் போனார்கள், நானும் போனேன். வந்த நாற்பது மைல்தான் நான் நடந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை என்றிருந்தேன். இப்போது அரசாங்கம் அதையும் பணி என்று எழுதி அனுப்பியிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி வருகிற வரைக்கும் ஒருவன் வேலை முடிவதில்லை என்று அந்தச் சட்டத்தை எழுதினவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு நாளாக அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இத்துடன் நிலப் பத்திரம் இருக்கிறது. ஏலத்துக்கு முன்னால் நில அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடு. பின்பக்கத்தில் மாற்றி எழுதும்போது, மருமகன் பெயர் என்ன என்று நீதிபதி கேட்டார். வேண்டியதில்லை, என் மகள் பெயரை மட்டும் எழுதுங்கள் என்றேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள். ஓரின் என்றைக்காவது திரும்பி வந்தால், உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை நிலத்துக்குச் சொந்தக்காரி முடிவு செய்துகொள்ளட்டும்.

அப்பா,
ஜோத்தம் வீலாக்